மலையடிவாரத்துப் பொதுக்கூடம்: பாறை, வேம்பு, ஓடை மூன்றையும் வைத்துக்கொண்டே கட்ட முடியுமா?

கேள்வி – மலையடிவாரம்

வணக்கம். குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு செல்லும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் எங்களுடையது. ஊரில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். முன்பெல்லாம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, தெருவை ஒட்டிச் சுவர் எழுப்பிய மெத்தை வீடுகள் வந்த பிறகு, ஆளுக்கொரு அறையில் வெக்கையில் தனியாக உட்கார வேண்டியதாகிவிட்டது. ஆகவே எங்கள் மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேர்ந்து, பகலில் பெண்கள் வேலை செய்யவும், மாலையில் பிள்ளைகள் படிக்கவும், குழுக் கூட்டங்கள் நடத்தவும் ஒரு பொதுக்கூடம் கட்டத் தீர்மானித்திருக்கிறோம்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் நிலத்தில் 11 சென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். மேற்கே மலை; நிலம் மேற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ நான்கடி சரிகிறது. கிழக்கு எல்லையில் தெரு. வடமேற்கு மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கரும்பாறை நிற்கிறது. தென்மேற்கில் பழைய வேம்பு. வடக்கு எல்லையை ஒட்டி, மலைத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோகும் ஓடை. ஆண்டின் பெரும்பகுதி அது வறண்டே கிடக்கும்.

எங்களுக்கு வரைபடம் கொடுத்த பொறியாளர், பாறையை வெடிவைத்து அகற்றி, வேம்பை வெட்டி, ஓடையைக் குழாயில் விட்டு, மண்கொட்டி நிலத்தைச் சமப்படுத்தி, நடுவில் 40க்கு 25 அடியில் கூடம் கட்டச் சொல்கிறார். நான்கு புறமும் சுவர், தெருப்பக்கம் ரோலிங் ஷட்டர், மேலே கான்கிரீட் தளம். வெக்கை தாங்காவிட்டால் பின்னால் ஏ.சி. பொருத்திக்கொள்ளலாம் என்கிறார். அவர் அனுபவமுள்ளவர், குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த வேம்பின் அடியில்தான் இப்போதும் எங்கள் பெண்கள் உட்காருகிறார்கள். அதை வெட்டிவிட்டு அதே பெண்களுக்காக ஒரு பெட்டியைக் கட்டுவது எங்களில் பலருக்கு ஒப்பவில்லை. நிலத்தில் இருப்பதை வைத்துக்கொண்டே, கையில் இருக்கும் சிறு தொகைக்குள், வெயிலும் மழையும் தாங்கும்படி கட்ட வழியுண்டா? அறிந்தவர்கள் விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.


பதில் 1 – கட்டடக்கலைஞர், காட்பாடி

அம்மா, உங்களிடம் இருக்கும் வரைபடம் உங்கள் நிலத்தைப் பார்த்து வரையப்பட்டதாகத் தெரியவில்லை. அதே படத்தை ஆம்பூரிலோ அரக்கோணத்திலோ எந்த வெற்று மனையிலும் வைத்துவிடலாம். அதை உங்கள் நிலத்தில் பொருத்துவதற்காகத்தான் பாறையும் மரமும் ஓடையும் போக வேண்டியிருக்கிறது. அந்த மூன்றையும் சரியாகப் பயன்படுத்தினால், கட்டடம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கை அவையே செலவின்றிச் செய்துவிடும்.

ஓடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பிழைத்தால் பிறகு எதையும் திருத்த முடியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தையும், நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் அதன்மேல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. பட்டா நிலத்துக்குள் ஓடினாலும் குழாயில் அடைக்க வேண்டாம். நம் மலைகள் பெரும்பாலும் வெறும் கரும்பாறை. விழுந்த மழையைக் குடிக்காமல் அப்படியே கீழே தள்ளிவிடுகின்றன. ஒரு மணி நேரக் கனமழையில் மண்ணையும் சருகையும் கிளைகளையும் உருட்டிக்கொண்டு வரும் தண்ணீர் முதலில் அடைப்பது குழாயின் வாயைத்தான். அப்புறம் அது உங்கள் கூடத்துக்குள்ளோ கீழ்த்தெரு வீடுகளுக்குள்ளோ புகும். அந்த ஓடை ஏரிக்கு வரத்துக்கால்வாய் என்பதையும், ஏரியை நம்பிப் பயிரிடுகிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஓடையைத் திறந்தே விட்டு, இரு கரையிலும் கருங்கல்லைச் சாய்வாக அடுக்கி, கட்டடத்தைத் தெற்கே தள்ளி வையுங்கள்.

அடுத்து வெயில். நாம் ஏறத்தாழ வட அட்சரேகை 13 பாகையில் இருக்கிறோம். சித்திரை பத்தாம் நாள் வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆவணித் தொடக்கத்தில் மறுபடியும் வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் சற்றே வடக்கிலிருந்து விழுகிறது, மார்கழியில் 36 பாகை தெற்கே சாய்ந்து விழுகிறது. இதனால் இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, 40 பாகை செல்சியஸைத் தாண்டும் கத்திரி வெயிலில் கட்டடத்தைச் சுடுவது சுவரைவிடக் கூரைதான். இரண்டாவது, வடக்கு, தெற்குச் சுவர்களை அகலமான தாழ்வாரத்தால் காத்துவிடலாம். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து வரும் வெயிலை எந்தச் சன்ஷேடும் தடுக்காது. ஆகவே கூடத்தின் நீளம் கிழக்கு மேற்காகவும், மேற்குச் சுவர் குறுகியதாகவும், திறப்பு குறைந்ததாகவும் இருக்க வேண்டும். அந்த மேற்குச் சுவருக்கு நேர் எதிரே உங்களுக்கு வேம்பும் மலையும் இருக்கின்றன. வேம்பு மாசி, பங்குனியில் இலையுதிர்த்து, வெயில் கொடுமையாகும் சித்திரைக்குள் தழைத்துவிடுகிறது. மலைக்குப் பின்னால் சூரியன் மறைவதால் ஊரின் மற்றப் பகுதிகளைவிட உங்கள் மனைக்கு மாலை நிழல் முன்னதாகவே வந்துசேரும். காசு கொடுத்து வாங்க முடியாத இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஏ.சி.க்கு மாதாமாதம் மின்கட்டணம் கட்டுவதில் பொருளில்லை.

பாறையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லத் தோன்றுகிறது. சோளிங்கர் பக்கம் போனால் மகேந்திரவாடியைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், சமவெளியில் தனியாக நின்ற ஒரு பாறையைப் பெயர்க்காமல் நின்ற இடத்திலேயே குடைந்து திருமாலுக்குக் கோயிலாக்கினான். பக்கத்தில் அவன் பெயராலேயே ஏரியும் இருந்தது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பாறையும் நீரும் இருக்கும் இடத்துக்கேற்பக் கட்டுவது இந்த மண்ணில் 1,400 ஆண்டுப் பழக்கம். ஆனால் பாறைக்கு ஒரு குணமுண்டு: பகலில் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே சுவரை அதில் ஒட்டிக் கட்டாமல் ஆறேழு அடி இடைவெளி விடுங்கள். அதன் மேற்கிலும் தெற்கிலும் புங்கனோ பூவரசோ வைத்து வெயில் படாமல் செய்தால், நிழலிலிருக்கும் பாறை அந்த இடைவெளியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். வெடிவைப்பதை அறவே மறந்துவிடுங்கள். அக்கம்பக்கத்துச் சுவர்களிலும் கிணறுகளிலும் விரிசல் விழும்.

நிலத்தைச் சமப்படுத்தவும் வேண்டாம். நான்கடிச் சரிவை இரண்டு படித்தளங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்: மேற்கே மேல்தளத்தில் வேலைக்கூடம், கிழக்கே இரண்டடி தாழ்வாகத் தெருவைப் பார்த்த படிப்புத் தாழ்வாரம், நடுவே அகலமான கல்படிகள். ஊர்க்கூட்டம் நடக்கும்போது அந்தப் படிகளே இருக்கைகளாகும். திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் 1970களின் தொடக்கத்தில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தை நான் மாணவனாக இருந்தபோது சென்று பார்த்தேன். குன்றின் ஏற்ற இறக்கத்தை வெட்டாமல், இருந்த மரங்களைச் சுற்றிச் சுவர்களை வளைத்திருப்பார். அங்கே பெய்வது நம்மைவிட அதிக மழை என்பதால் அவருடைய துளைச்சுவர்களை அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை; நிலத்தை முதலில் படித்துவிட்டுக் கோடு போட்ட அந்த முறைதான் நமக்குத் தேவை. செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் அவருடைய எலிப்பொறிக் கட்டு, செங்கலில் நான்கில் ஒரு பங்கு வரை மிச்சப்படுத்துவதோடு வெக்கையையும் குறைக்கும். அதை உங்கள் மேற்குச் சுவருக்குப் பரிந்துரைக்கிறேன்.

கூரைக்குச் சீமை ஓடு நல்லது. இரண்டு பக்கமும் சாய்வாக இறக்கி, உச்சியில் வெப்பக்காற்று வெளியேறத் திறப்பு விட்டு, ஓரங்களை நான்கடிக்குக் குறையாமல் நீட்டுங்கள். நமக்கு ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்தும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்தும் மழை வருவதால் நான்கு பக்கமும் இறவாரம் வேண்டும்.


பதில் 2 – ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், அணைக்கட்டு (வேலூர் மாவட்ட ஊர்)

காட்பாடி நண்பர் ஓடையைப் பற்றியும் திசையைப் பற்றியும் சொன்னது அத்தனையும் சரி. ஓட்டுக் கூரையில் மட்டும் நான் உடன்படவில்லை. மலையடிவார ஊர்களில் குரங்குகள் ஓட்டைத் தூக்கிப் பார்க்காத வீடில்லை. சொந்த வீடென்றால் மறுநாளே ஒருவர் ஏறி மாற்றிவிடுவார். பொதுக்கட்டடத்தில் உடைந்த ஓடு அடுத்த மழைவரை உடைந்தே இருக்கும், அதற்குள் மரச்சட்டம் உளுத்துப்போகும். இரண்டாவது காரணம் மனம் சம்பந்தப்பட்டது. 2021 நவம்பர் மழையில், பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்ட அதே நாட்களில், பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் பழைய முறை என்று யார் சொன்னாலும் மக்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை மதிக்காமல் கட்டினால், எவ்வளவு குளிர்ச்சியான கூடமானாலும் மழைநாளில் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள்.

ஆகவே சாய்தளமாகக் கான்கிரீட் போடுங்கள், அதில் நிரப்புத் தள முறையைக் கையாளுங்கள். தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடைப்பட்ட கான்கிரீட், பாரத்தைத் தாங்குவதில் பெரிதாகப் பங்கெடுப்பதில்லை. அந்த இடத்தில் பழைய சீமை ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் கான்கிரீட் கொட்டினால் செலவும் எடையும் குறையும், ஓட்டுக்குள் அடைபடும் காற்று வெக்கையை ஓரளவு மறிக்கும். கம்பி இடைவெளியைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும். சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் தற்காலிகச் சாரப்பலகை) வேலை முடிந்து கான்கிரீட் கொட்டும் நாளில் அவர் நேரில் நிற்க வேண்டும். மேலே உடைந்த வெள்ளை டைல்ஸ் பதியுங்கள், இயலாவிட்டால் ஆண்டுதோறும் பங்குனியில் சுண்ணாம்பு அடியுங்கள். காட்பாடி நண்பர் கேட்ட உச்சித் திறப்பை, இரு சாய்தளங்களில் தெற்கிலுள்ளதை இரண்டடி உயர்த்தி, அந்த இடைவெளியில் வடக்குப் பார்த்த வென்டிலேட்டர்களாக வைத்துவிடலாம். வெளிச்சமும் அங்கிருந்தே கிடைக்கும். குரங்கு நுழையாதபடி கம்பிவலை கட்டாயம்.

பாறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது பூமிக்குள் இறங்கியிருக்கும் தாய்ப்பாறையா, மலையிலிருந்து எப்போதோ உருண்டுவந்து மண்ணில் அமர்ந்திருக்கும் கல்லா என்பதை முதலில் தோண்டிப் பாருங்கள். தாய்ப்பாறை என்றால் கவலையில்லை. உருண்டு வந்த கல் என்றால், அதன் கீழ்ப்பக்கத்து மண்ணை மழைநீர் அரிக்காதபடி கருங்கல் அணைச்சுவர் கட்டிய பிறகே கூடத்துக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட வேண்டும். அஸ்திவாரத்தைச் சரிவுக்கேற்பப் படிப்படியாக இறக்குங்கள். கொட்டிய மண்ணின்மேல் எந்தச் சுவரும் நிற்கக் கூடாது. 2021இல் ஓடைத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஊரில் கேட்டு, அந்த மட்டத்துக்கு இரண்டடி மேலே தரைமட்டத்தை வையுங்கள். வேம்பின் அடிமரத்திலிருந்து பதினைந்து அடிக்குள் வானம் தோண்டாதீர்கள், பெரிய வேரை அறுத்தால் மரம் ஆடிக்காற்றில் சாயும்.


பதில் 3 – பீடித் தொழிலாளியின் மகள்

நான் கட்டடம் படித்தவள் அல்ல. என் அம்மாவும் பெரியம்மாவும் வாழ்நாள் முழுவதும் இந்த வேலையில் இருந்தவர்கள் என்பதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பீடி சுற்றும் இடத்தில் காற்று நன்றாக வீச வேண்டும் என்று எல்லோரும் எண்ணுவார்கள். நனைத்து வெட்டிய இலை காற்றில் காய்ந்து முறியும், முறத்திலிருக்கும் தூள் பறக்கும். அதனால்தான் எங்கள் வீடுகளில் சித்திரையிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்காருவார்கள். தரையில் உட்கார்ந்தவரின் தலைக்கு மேலே காற்று போக வேண்டும், மடிமீது போகக் கூடாது. ஆகவே மூன்றடி வரை சுவர் மூடியிருக்கட்டும், அதற்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் திறந்திருக்கட்டும்.

அவர்கள் வரிசையாக உட்காருவதில்லை. ஐந்தாறு பேர் எதிரெதிரே வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டேதான் கை ஓடும். ஒரே நீளக் கூடத்தைவிட, அங்கங்கே தூணும் மூலையும் உள்ள இடம் அவர்களுக்குப் பிடிக்கும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் புடவையில் தூளி கட்ட, தளத்திலேயே இரும்புக் கொக்கிகள் வைத்துவிடுங்கள். இலை நனைக்க ஒரு தொட்டி வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் கழிப்பறை வேண்டும்; அது இல்லாத இடத்தில் பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகள் படிக்கும் இடம் தனியாகவே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பகல் முழுவதும் புகையிலைத் தூள் படிந்த தரையில், மாலையில் துடைத்துவிட்டுப் பிள்ளைகளை உட்காரவைப்பது சரியில்லை. மேலே சொன்ன இரண்டு தளங்களில் கீழ்த்தளம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இப்போதே தீர்மானமாக எழுதிவிடுங்கள்.


கேள்வி கேட்டவர் – மலையடிவாரம்

மூவருக்கும் எங்கள் குழுக்களின் சார்பில் நன்றி. உங்கள் பதில்களை வேம்படியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஓடையைத் தொடுவதில்லை, மரத்தை வெட்டுவதில்லை, கீழ்த்தளம் பிள்ளைகளுக்கு என்ற மூன்றையும் அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டோம். கூரை பற்றிப் பேச்சு நீண்டது. கடைசியில் அணைக்கட்டு ஐயா சொன்னபடி சாய்தளக் கான்கிரீட்டுக்கே பெரும்பாலோர் ஒப்பினார்கள், பேரணாம்பட்டின் நினைவு இன்னும் ஆறவில்லை. பாறை தாய்ப்பாறைதான் என்று கல்லுடைக்கும் பெரியவர் ஒருவர் தோண்டிப் பார்த்துச் சொன்னார்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. திறந்த தாழ்வாரமும் படிகளும் வைத்தால் இரவில் குடிப்பவர்கள் வந்து உட்காருவார்கள் என்று பெண்கள் அஞ்சுகிறார்கள். பக்கத்து ஊர்ச் சமுதாயக்கூடத்தின் நிலை அப்படித்தான் ஆகியிருக்கிறது. ரோலிங் ஷட்டர் வேண்டும் என்று சிலர் திரும்பவும் கேட்பது இதனால்தான். மற்றொன்று, கூரைத் தண்ணீரை ஓடையில் விட்டுவிடலாமா, தேக்க வேண்டுமா?


பதில் 1 – கட்டடக்கலைஞர், காட்பாடி

குரங்கையும் அச்சத்தையும் பற்றி அணைக்கட்டு ஐயா சொன்னதை ஏற்கிறேன்; அங்கே வாழ்பவர்கள் நிம்மதியாக உட்கார முடியாத கூரை நல்ல கூரையல்ல. மூன்றடிச் சுவரைப் பற்றிச் சகோதரி சொன்னதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அதை அப்படியே வரைபடத்தில் சேர்த்துவிட்டேன்.

இரவுப் பாதுகாப்புக்கு ஷட்டர் வேண்டாம். அதை இறக்கினால் உள்ளே காற்று செத்துவிடும், ஏற்றினால் வெயில் நேரே புகும். தாழ்வாரத்தின் தூண்களுக்கு நடுவே மடக்கு இரும்புக் கதவுகள் வையுங்கள். பூட்டியிருக்கும்போதும் காற்று போகும், உள்ளே யார் இருந்தாலும் தெருவிலிருந்து தெரியும். படிகளைச் சுவருக்குப் பின்னால் மறைக்காமல் தெருவிளக்கின் நேர்வெளிச்சத்தில் வையுங்கள். கழிப்பறையைத் தென்கிழக்கில், பூட்டும் எல்லைக்கு உட்பக்கமாகவும், தெருவீடுகளின் பார்வையில் படும்படியும் அமைக்கலாம்.

தண்ணீரைத் தேக்குங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பது ஒருபுறமிருக்க, உங்கள் 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஏறத்தாழ 930 லிட்டர் விழுகிறது. சாய்தளம் என்பதால் ஓரத்தில் பீலி (நீர் வடியும் வாய்க்கால்) வைத்து எளிதில் பிடித்துவிடலாம். முதல் மழையைக் கழித்துவிட்டு, 5,000 லிட்டர் தொட்டி ஒன்றைப் பாறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள நிழலில் வையுங்கள். இலை நனைக்கவும் கழிப்பறைக்கும் பல நாட்களுக்கு வரும். தொட்டி நிரம்பி வழிவதை வேம்பின் பக்கம் ஒரு உறிஞ்சுகுழியில் இறக்கி, அதற்கும் மேற்பட்டதை மட்டும் ஓடைக்கு விடலாம்.

ஒப்பந்தக்காரரிடம் பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சுவர்களும் தூண்களும் வரும் இடத்தைத் தரையில் சுண்ணாம்பால் கோடிட்டு, உங்கள் பெண்களை முறத்தோடு அந்தக் கோட்டுக்குள் காலை முதல் மாலை வரை உட்காரச் சொல்லுங்கள். யாருக்கு எந்த நேரத்தில் முகத்தில் வெயில் அடிக்கிறது, யார் எங்கே நகர்ந்து உட்காருகிறார்கள், எந்த இடம் காலியாகவே கிடக்கிறது என்று குறித்து அனுப்புங்கள். அதைப் பார்த்துத் தூண்களின் இடத்தையும் தெற்குத் தாழ்வாரத்தின் அகலத்தையும் மாற்றி வரைந்து தருகிறேன். வானம் தோண்டுவதை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.